மருந்துக்கு முன் தண்ணீர்: தொட்டிக் கெளுத்திகளின் நோயும் சிகிச்சையும்

அலங்கார மீன் விற்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் முறையீடு ஒன்று உண்டு: "நேற்றுத்தான் தொட்டியை முழுசாகக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டேன், இன்று காலையில் பார்த்தால் சக்கர் மீன் செத்துக் கிடக்கிறது." மாதக்கணக்கில் அழுக்கிலே கிடந்தும் சௌக்கியமாக இருந்த பிராணி, சுத்தம் செய்த மறுநாளே மாண்டுபோவானேன் என்று அவர் திகைப்பது நியாயமே. கடைக்காரர் தம் அனுபவத்துக்குத் தோன்றிய நீல மருந்தையோ பச்சை மருந்தையோ எடுத்துத் தருகிறார். எஞ்சிய மீன்கள் இருக்கும் தொட்டியில் அது ஊற்றப்படுகிறது. சில நாட்களில் அவையும் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்குகின்றன. எல்லாம் விதியென்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, காலித் தொட்டியை மாடிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்ட குடும்பங்கள் எத்தனையோ.

விதியின்மீது போட வேண்டிய பழி இதில் மிகச் சொற்பம். தொட்டியில் வளரும் கெளுத்தி நோயுற்றதென்றால், அந்த நோயின் மூலம் பெரும்பாலும் மீனின் தேகத்தில் தோன்றுவதற்கு முன்பே தண்ணீரில் தோன்றியிருக்கும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் மீனுக்கு மருந்திடுவது, காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் காரியத்தோடு மல்லுக்கு நிற்பதாகும். அதுமட்டுமன்று, கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நோய்களில், ஒன்றைக் குணப்படுத்தும் அதே பரிகாரம் மற்றொன்றைக் கொடுமையாக்கிவிடும். ஆகையால் இந்தப் பிராணிகளின் விஷயத்தில் நிதானிப்பது முதல் காரியம், மருந்து இரண்டாம் காரியம் என்ற வரிசை ஒருபோதும் மாறலாகாது.

செதில் இல்லாத தேகம்

கெளுத்தி என்ற பொதுப்பெயரில் அடங்கும் மீன்வகைகள் உலகில் 3,000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் நம் வீட்டுத் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தவை சிலவே: கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும் சக்கர், அடிமணலைக் கூட்டமாகக் கிளறித் திரியும் கோரிடோரஸ், முள்ளெலும்பு வெளியே தெரியும் கண்ணாடிக் கெளுத்தி, ஐரிடசென்ட் ஷார்க் என்ற ஆடம்பரப் பெயரில் விற்கும் பங்கேசியஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முதல் இரண்டும் தென் அமெரிக்க நதிகளுக்குரியவை. பின்னிரண்டும் தென்கிழக்காசியாவின் நீர்நிலைகளுக்குரியவை. கோரிடோரஸ்களில் ஒருவகை, பீகிள் கப்பலில் யாத்திரை போன சார்லஸ் டார்வின் சேகரித்துக் கொணர்ந்த மாதிரிகளைக் கொண்டு 1842-ல் லெனர்ட் ஜெனின்ஸ் என்பவரால் சாஸ்திர உலகுக்கு அறிமுகமானது. இன்றோ அவ்வினத்தைச் சேர்ந்த மீன்கள், தென்னாட்டில் அலங்கார மீன் வியாபாரத்தின் கேந்திரமாக விளங்கும் சென்னைக் கொளத்தூரில் பாலிதீன் பையிலே ஆக்சிஜன் அடைத்து விற்கப்படுகின்றன.

ஊரும் உருவமும் வேறானாலும் இவற்றுக்கெல்லாம் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு. கெண்டைக்கும் தங்கமீனுக்கும் இருப்பதுபோன்ற செதில்கள் எந்தக் கெளுத்திக்கும் இல்லை. சிலவற்றின் தேகம் முழுவதும் வெறும் தோலும் அதன்மேல் வழவழப்பான கோழையுமே. சக்கருக்கும் கோரிடோரஸுக்கும் எலும்புத் தகடுகள் கவசம்போல் அமைந்திருந்தாலும், வயிற்றுப்புறம் பெரும்பாலும் மெல்லிய தோலாகவே இருக்கிறது. அந்தத் தோலில் சுவையறியும் மொட்டுக்கள் நெருக்கமாகப் பரவியுள்ளன. அமெரிக்காவில் பண்ணைகளில் வளர்க்கப்படும் சேனல் கெளுத்தியின் உடலில் இவை லட்சத்துக்கும் அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மீசை என்று நாம் சொல்லும் உறுப்பு, இருட்டில் உணவைத் தேடித் தரும் நாக்காகவும் விரலாகவும் சேர்ந்து பணிபுரிகிறது. தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் அது இந்தப் பிராணியை நேரே தொட்டுவிடுகிறது என்பதே இதன் பொருள். செதிலுள்ள மீன் பொறுத்துக்கொள்ளும் மருந்தளவு, செதிலற்ற கெளுத்திக்கு விஷமாகிவிடுவதும் இதனாலேதான்.

இந்த இயற்கையான பலவீனத்தோடு மனிதனின் தப்பபிப்பிராயமும் சேர்ந்துகொள்கிறது. சக்கரையும் கோரிடோரஸையும் தொட்டியின் அழுக்கைத் தின்று சுத்தம் செய்யும் துப்புரவு மீன்கள் என்று சொல்லி விற்கிறார்கள். அப்படியே நம்பி வாங்குகிறார்கள். மற்ற மீன்களின் கழிவு அடியில் வந்து தங்குகிறது. அக்கழிவிலேதான் இவை வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வாழவேண்டியிருக்கிறது. மற்ற மீன்களின் மலம் இவற்றுக்கு உணவாகாது. சக்கருக்குப் பாசியும் வெள்ளரித்துண்டும் பூசணியும் வேண்டும். கோரிடோரஸுக்கு மூழ்கும் தீனியும் புழுக்களும் வேண்டும். மேலே வீசும் தீனியில் மிச்சம் மீதி விழுந்தால் போதுமென்று விடப்பட்ட சக்கர், தகடுபோர்த்த முதுகு பளபளப்பாகவே இருக்க, வயிறு ஒட்டிப் பட்டினியால் சாகிறது. அதை நோயென்று எண்ணி மருந்து தேடுகிறவர்களும் உண்டு.

பார்க்கத் தெரிந்த கண்

கெளுத்தியின் சுபாவம் நோயை மறைக்கக்கூடியது. பகலெல்லாம் மரத்துண்டுக்கு அடியிலோ பானைச்சில்லுக்குள்ளோ ஒளிந்திருந்து, விளக்கணைத்த பிறகே வெளிவரும் பிராணியிடம் நோய்க்குறி தென்படும்போது, அந்நோய் பல நாட்கள் முற்றியிருப்பது வழக்கம். ஆகவே வாரத்தில் ஓரிரு இரவாவது அறை விளக்கை அணைத்துவிட்டு, மங்கலான சிறு வெளிச்சத்தில் தொட்டியருகே பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பது, வளர்ப்பவர் செய்யக்கூடிய மருத்துவங்களிலெல்லாம் தலையாயது.

சக்கர் மீன் இந்த விஷயத்தில் ஒரு பெரிய சௌகரியத்தைத் தருகிறது. வேறெந்த மீனும் காட்டாத வயிற்றுப்புறத்தை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அது நமக்குத் தானாகவே காட்டுகிறது. வயிறு சற்றே உப்பலாக இருந்தால் நன்று; உள்வாங்கிக் குழிந்திருந்தால் பட்டினியோ குடற்புழுவோ காரணம். வாயைச் சுற்றிய உறிஞ்சு வட்டத்தின் ஓரம் முழுமையாக இருக்கிறதா, அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். துடுப்புகளின் அடியிலும் குதத்தின் அருகிலும் ரத்தம் கட்டியதுபோன்ற செம்புள்ளிகள் உண்டா என்று தேடவேண்டும். கண்கள் குழிவிழுந்திருந்தால் நிலைமை ஆபத்தானது என்று கொள்ளலாம்.

கோரிடோரஸ் சிறிது நேரத்துக்கு ஒருமுறை அம்புபோல மேலெழுந்து, காற்றை ஒரு வாய் விழுங்கி, மறுபடி அடியில் போய் அமரும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை; விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனைக் குடலின் பின்பகுதியால் கிரகிக்கும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் எப்போதாவது நிகழ்ந்தது இடைவிடாமல் நிகழுமானால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது அல்லது செவுள் கெட்டிருக்கிறது என்று அறிய வேண்டும். மீசை குட்டையாகித் தேய்ந்திருந்தால் அடிமணலில் கழிவு மண்டி, கிருமிகள் அரிக்கின்றன என்று கொள்ளலாம். கூர்மையான சரளைக்கல்லும் அதற்குத் துணைபோகும். துடுப்பை உடலோடு ஒடுக்கி வைத்திருத்தல், கல்லிலும் கண்ணாடியிலும் உடலை வெடுக்கென்று உரசிக்கொள்ளுதல், தண்ணீர் விழும் பில்டர் வாயருகிலேயே நின்றுகொண்டிருத்தல், பிரியமான தீனியையும் முகராமல் விலகுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சாட்சியம். ஆரோக்கியமான காலத்திலேயே ஒரு நிமிஷத்துக்குச் செவுள்மூடி எத்தனை முறை அசைகிறதென்று எண்ணிக் குறித்துவைத்திருப்பவருக்கு, நோய்க்காலத்தில் அந்தக் குறிப்பு விலைமதிப்பற்ற துணையாகும்.

தண்ணீரில் பிறக்கும் நோய்

இனி, தொட்டியைக் கழுவிய மறுநாள் நேர்ந்த சாவின் ரகசியத்துக்கு வருவோம். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் ஓயாமல் அம்மோனியா தோன்றுகிறது. பில்டரின் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொருவகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கிக்காட்டிய இந்தத் தத்துவத்தின்மேல்தான் உலகத்து மீன்தொட்டிகள் யாவும் நிற்கின்றன. தொட்டியை முழுதும் கழுவி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து உலர்த்துகிறவர், அழுக்கோடு அந்தக் குடியிருப்பையும் அழித்துவிடுகிறார். குழாய்த் தண்ணீரில் சேர்த்திருக்கும் குளோரின் மிச்சத்தையும் கொன்றுவிட்டு, மீனின் செவுளையும் எரித்துவிடுகிறது.

இதனினும் நுட்பமான விபத்து ஒன்று உண்டு. தண்ணீரில் உள்ள அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று விஷம் மிக்கது, மற்றொன்று ஏறக்குறையச் சாதுவானது. எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதை நிர்ணயிப்பது, அமில–கார நிலையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் ஆகும். 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 ஆக இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப்பங்கு அளவே விஷவடிவில் இருக்கும்; பி.எச். 8 ஆனால் அது நூற்றில் ஐந்து பங்குக்கும் மேலாகிறது. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. பல மாதங்கள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் அமிலம் ஏறி, பி.எச். 6-க்கு இறங்கியிருக்கும்; அம்மோனியா நிறையச் சேர்ந்திருந்தாலும் அது சாது வடிவில் அடங்கிக் கிடக்கும்; மீனும் எப்படியோ உயிர் தரித்திருக்கும். அந்தத் தொட்டியில் பி.எச். 8 உள்ள போர்வெல் தண்ணீரைப் பாதிக்குமேல் ஊற்றிய உடனே, மிச்சமிருந்த பழைய தண்ணீரின் சாது அம்மோனியா பன்மடங்கு விஷமாக உருமாறுகிறது. விடியும்போது கெளுத்தி மிதக்கிறது. சுத்தம் செய்தது குற்றமன்று. மாதக்கணக்கில் செய்யாமலிருந்து ஒரே நாளில் செய்ததே குற்றம். நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்த தொட்டியில், நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாத்திரம் மாற்றி, தீனியைப் பாதியாகக் குறைத்து, இரண்டு வாரங்களில் மெல்ல நிலைக்குக் கொண்டுவருவதே சரியான சிகிச்சை.

நைட்ரைட் உண்டாக்கும் நோய் வேறுவிதமானது. செவுள்வழியே ரத்தத்தில் புகும் நைட்ரைட், ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருளை அச்சக்தி இழந்த பழுப்புப் பொருளாக மாற்றிவிடுகிறது. தொட்டியில் காற்று தாராளமாக இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். செவுள்மூடியை விலக்கிப் பார்த்தால் செக்கச்செவேலென்று இருக்கவேண்டிய செவுள் காப்பித்தூளின் நிறத்தில் இருக்கும். கெளுத்திப் பண்ணைக்காரர்கள் இதைப் பழுப்பு ரத்த நோய் என்றே அழைக்கிறார்கள். இதற்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாசலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு, அதை உள்ளே நுழையவிடாமல் தடுக்கிறது. நைட்ரைட்டைப்போல் பத்து மடங்கு குளோரைடு தண்ணீரில் இருக்கவேண்டும் என்பது பண்ணைகளில் கைக்கொள்ளும் விதி. அக்கணக்கின்படி, 10 லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போட்டாலே, லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரையிலான நைட்ரைட்டிலிருந்து மீனுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடும். கையளவாக அள்ளிப் போட வேண்டியதே இல்லை.

மார்கழியின் புள்ளியும் கத்திரியின் படலமும்

தண்ணீரைச் சோதித்து, அது குற்றமற்றதென்று தெரிந்த பின்னரே கிருமிகளைச் சந்தேகிக்க வேண்டும். அவற்றுள் பிரசித்தமானது வெள்ளைப்புள்ளி நோய். வீட்டுத் தண்ணீரின் வெப்பம் சட்டென்று இறங்கும் மார்கழி, தை மாதங்களில், துடுப்பிலும் உடலிலும் ரவையைத் தூவியதுபோலத் தனித்தனியான புள்ளிகள் தோன்றும். இக்தியோப்திரியஸ் என்ற ஓரணுப் பிராணி தோலுக்கடியில் புகுந்து தின்று கொழுத்திருக்கும் இடமே அந்தப் புள்ளி. முதிர்ந்ததும் அது மீனைவிட்டு உதிர்ந்து, அடியில் ஒட்டிக்கொண்டு உறைக்குள்ளே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரம் வரையிலான, குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறது. அக்குஞ்சுகளுக்கு இரண்டொரு நாட்களுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் மடிந்துபோகும். மருந்து தாக்கக்கூடியது நீந்தித் திரியும் இந்தப் பருவத்தை மாத்திரமே. தோலுக்கடியில் இருப்பதை எந்த மருந்தும் தொடாது. ஆகையால் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துகிறவர், அடியில் காத்திருக்கும் அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டவராவார். புள்ளிகள் போன பிறகும் ஐந்தாறு நாட்கள் சிகிச்சையைத் தொடரவேண்டும். வெப்பத்தை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினால் இந்தப் பருவச் சக்கரம் வேகமாகச் சுழன்று, கிருமி விரைவில் மருந்துக்கு அகப்படும். அவ்வளவு வெப்பத்தில் பெருகும் சக்தியையும் பெரும்பாலும் அது இழந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது, கத்திரி வெயிலில் தலைதூக்கும் காலம்னாரிஸ் நோய். 1922-ல் மிஸிஸிப்பி நதி மீன்களில் இதைக் கண்டு விவரித்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்ஸர் டேவிஸ். வாயோரத்திலோ, முதுகுத்துடுப்பின் அடியிலோ, சாம்பல் கலந்த வெள்ளைப் படலமாகத் தொடங்கி, முதுகின் இருபுறமும் சேணம் போட்டதுபோலப் பரவும். பார்க்கிறவர்கள் பூஞ்சை என்று சொல்லிவிடுவார்கள். அது பூஞ்சையன்று, பாக்டீரியா. வெப்பம் ஏற ஏற இதன் உக்கிரம் ஏறும். முற்றிய நிலையில் இரண்டொரு நாளில் மீனைக் கொண்டுபோய்விடும்.

கடைவாசலில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, கோரி முதுகுல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. ரெண்டு நாளா தீனியும் எடுக்கல."

"ஒயிட் ஸ்பாட்டா இருக்கும் தம்பி. ஹீட்டரை முப்பதுல வெச்சிடுங்க, இந்த மருந்து பத்துச் சொட்டு விடுங்க. மூணு நாள்ல சரியாயிடும்."

கடைக்காரரின் ஆலோசனை மனமறிந்த வஞ்சனையன்று. தூவிய ரவைபோன்ற புள்ளிகளாக இருந்தால், வெப்பத்தை ஏற்றச் சொன்னது சரியே. படிந்த படலமாக இருந்தால், அந்த ஹீட்டரே எமனாகிவிடும். வெப்பம் ஏறும்போது தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனும் குறைகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், "வெள்ளையா ஏதோ" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு சிகிச்சை சொல்வது எவ்வளவு பயங்கரமான காரியம் என்பது விளங்கும். காலம்னாரிஸுக்கு வெப்பத்தை மெல்லக் குறைத்து, காற்றோட்டத்தைப் பெருக்கி, தண்ணீரைத் தூய்மையாக்கி, மீன்வைத்தியம் அறிந்தவரின் யோசனைப்படி உரிய பாக்டீரியா மருந்தைத் தரவேண்டும். உண்மையான பூஞ்சையோ, பஞ்சை ஒட்டவைத்ததுபோல இழையிழையாக நிற்கும். ஏற்கனவே காயம்பட்ட இடத்தில்தான் அது பெரும்பாலும் வேரூன்றும். ஆகவே பூஞ்சையைக் கண்டால் காயத்தின் காரணத்தைத் தேடவேண்டும்.

சந்தேகத்தை அடியோடு தீர்ப்பது மைக்ராஸ்கோப். மீனின் தோலில் கண்ணாடிச் சில்லின் விளிம்பால் மிருதுவாக வழித்தெடுத்த கோழையில் ஒரு துளியைப் பரப்பி, நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் போதும். வெள்ளைப்புள்ளிக் கிருமி உருண்டையாக, உடலெங்கும் நுண்மயிர்கள் துடிக்க, நின்ற இடத்திலேயே மெல்லப் புரண்டுகொண்டிருக்கும். அதன் வயிற்றுக்குள் குதிரை லாடம்போல வளைந்த கரு பளிச்சென்று தெரியும். அதை ஒருமுறை பார்த்தவர் வேறொன்றோடு குழப்பிக்கொள்ளவே மாட்டார். இன்னும் பெரிதாக்கும் கண்ணாடியில், காலம்னாரிஸ் பாக்டீரியாக்கள் மெல்லிய நீண்ட கோல்களாக வழுக்கி நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூண்கள்போல எழும்பி நிற்பதைக் காணலாம். நோயின் பெயரே அந்தத் தூண்களிலிருந்து வந்ததுதான். அரைமணி நேரத்தில் முடியக்கூடிய இந்தப் பரிசோதனை, ஊகத்தில் கழியும் ஒரு வாரத்தையும் பல உயிர்களையும் மிச்சப்படுத்துகிறது.

உள்ளே புகுந்த வியாதிகள்

வெளியே தெரியாமல் உள்ளுறுப்புகளைப் பற்றும் நோய்களில், கெளுத்திகளுக்கென்றே அமைந்ததுபோன்ற ஒன்று எட்வர்ட்ஸியெல்லா இக்டாலுரி என்ற பாக்டீரியாவால் வருவது. அமெரிக்காவின் தென்மாநிலப் பண்ணைகளில் எழுபதுகளில் கண்டறியப்பட்ட இந்நோய், பிற்பாடு வியட்நாமின் பங்கேசியஸ் பண்ணைகளிலும் பெருஞ்சேதம் விளைவித்தது. சேனல் கெளுத்தியில் கிருமி குடல்வழியாகவும் புகும். மூக்குத்துவாரத்தின் வழியாக ஏறி மூளையையும் தொடும். அப்போது மீன் தலைமேலாக நின்று, சுழன்று சுழன்று நீந்தி, இறுதியில் நெற்றியின் நடுவே துளை விழும். தொட்டிகளில் இதைவிட அதிகமாகக் காண்பது ஏரோமோனாஸ் வகையால் வரும் ரத்தநஞ்சு: வயிற்றில் செந்திட்டுக்கள், வீங்கிய வயிறு, பிதுங்கிய கண். இக்கிருமிகள் நல்ல தண்ணீரிலும் எப்போதும் உண்டு. மீன் பலவீனப்பட்ட நாளுக்காகவே காத்திருக்கின்றன. ஆகையால் ஆன்டிபயாடிக் தரும்போதும், அம்மீனைப் பலவீனப்படுத்தியது எது என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். கடையில் கிடைக்கும் மாத்திரையைத் தண்ணீரில் உடைத்துப் போடுவதால் மீனின் ரத்தத்துக்குப் போதிய மருந்து போய்ச் சேர்வது அரிது. பில்டரின் நற்கிருமிகள் மடிவதும், மருந்துக்கு அடங்காத தீக்கிருமிகள் தேறுவதுந்தான் மிஞ்சும்.

நன்றாகத் தின்றும் நாளுக்குநாள் மெலிந்து, முதுகு கத்திபோல் ஆகி, ஆறாத புண்களோடு மாதக்கணக்கில் தேயும் மீனிடத்தில் மைக்கோபாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். இது மனிதனின் தோலிலுள்ள கீறல்வழியே புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கக்கூடியது. கையில் காயமுள்ளவர் உறையணியாமல் தொட்டிக்குள் கைவிடலாகாது; மீன் வளர்ப்பவர் கையில் ஆறாத கட்டி வந்தால், டாக்டரிடம் தொட்டி இருக்கும் செய்தியையும் மறவாமல் சொல்லவேண்டும்.

அளவறிந்த மருந்து

மருந்து விஷயத்தில் முதல் பாடம் கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி, விளிம்பு முட்ட நிரப்பினால் ஏறக்குறைய 57 லிட்டர் கொள்ளும். மேலே விட்ட இடைவெளியையும் மணலும் கல்லும் அடைத்த இடத்தையும் கழித்தால் மிஞ்சுவது 45 லிட்டர் அளவே. 57-க்குக் கணக்கிட்டு ஊற்றுகிறவர், புட்டியில் எழுதியதைவிடக் கால்பங்குக்கும் அதிகமாக மருந்து விட்டவராகிறார். கெளுத்திக்கோ, புட்டியில் எழுதியதில் பாதியிலிருந்துதான் தொடங்கவேண்டும். மலாகைட் கிரீன், பார்மலின், தாமிரம் ஆகிய மூன்றும் கெளுத்தியிடம் மிகுந்த ஜாக்கிரதையோடு கையாள வேண்டியவை. உப்புச்சத்துக் குறைந்த மென்னீரில் தாமிரத்தின் விஷம் பன்மடங்காகும். பார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலப்பது எப்போதுமே கூடாது. வெள்ளைப்புள்ளிக்கு உப்பு கொடுப்பதென்றால் லிட்டருக்கு 1 கிராம் என்று தொடங்கி, தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாள் முழுவதிலும் பகுதி பகுதியாகச் சேர்க்கவேண்டும். படிகமாகப் போட்டால் அடியில் கிடக்கும் கெளுத்தியின் வயிற்றில் அது நெருப்பாக விழும்.

சிகிச்சைக்குத் தனித்தொட்டி அவசியம். மணல் இல்லாத அடித்தளம், பழைய தொட்டியில் ஊறிப் பழகிய பஞ்சு பில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த்துண்டு, மங்கல் வெளிச்சம், இடைவிடாத காற்று: இவ்வளவே தேவை. மருந்து உறிஞ்சும் கரி பில்டரில் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். நோயாளியை வலையால் பிடிப்பதையும் தவிர்க்கவேண்டும். கெளுத்தி மிரண்டால் மார்புமுள்ளையும் முதுகுமுள்ளையும் விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். வலைநூலில் அது சிக்க, பிரித்தெடுப்பதற்குள் தோல் கிழிந்து புதிய காயம் ஏற்படும். அகன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீரோடு முகந்தெடுப்பதே மேல்.

இதே தனித்தொட்டி, புதிதாக வாங்கிய மீனை மூன்று அல்லது நான்கு வாரங்கள் வைத்துப் பார்க்கும் இடமாகவும் பயன்படும். கடையிலிருந்து வந்த பையின் தண்ணீரை நம் தொட்டியில் ஊற்றாமலிருப்பதும், இரண்டு தொட்டிக்கும் வெவ்வேறு வலையும் வாளியும் வைத்திருப்பதும், ஆயிரம் ரூபாய் மருந்தினும் பெரிய பாதுகாப்பு.

பிழைக்க மாட்டாத பிராணிக்கு நாம் செய்யவேண்டிய கடமை ஒன்றும் உண்டு. கழிவறையில் போட்டு நீரை இழுப்பதும், வெயிலில் எறிவதும் இரக்கமற்ற செயல்கள். கிராம்பு எண்ணெயின் சத்து மீனை முதலில் மயக்கி, அளவு கூடும்போது உணர்வின்றியே முடித்துவிடும். மீன்வைத்தியர்களும் ஒப்புக்கொள்ளும் முறை அது. ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மாத்திரம் எவரும் எண்ணலாகாது. நோயை ஊர்நீருக்குக் கொடுப்பது ஒரு தீங்கு. ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்த சக்கர்கள் தொட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு, நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடமும் இரையும் இல்லாமல் செய்துவருவது அதனினும் பெருந்தீங்கு.

இனி ஆகவேண்டியது

ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியர் உண்டு. பணம் கொடுத்து வாங்கி, குழந்தைகள் பெயர் வைத்துக் கொஞ்சும் மீனுக்கு மட்டும், மருந்து விற்பவரே வைத்தியராகவும் இருக்கவேண்டிய நிலைமை நம் ஊர்களில் நீடிக்கிறது. அறிவுக்குப் பஞ்சம் ஏற்பட்டதனால் வந்த நிலைமையன்று இது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி நடந்துவருகிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகமும் இயங்கிவருகிறது. மீனின் நோய்களை முறையாகக் கற்ற இளைஞர்கள் அங்கிருந்து ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அவர்களுடைய கல்வி இறால் பண்ணைக்கும் கெண்டைக் குளத்துக்கும் பயன்படும் அளவுக்கு, வீட்டுக்கூடத்துத் தொட்டிக்கும் வந்துசேர வேண்டும். கொளத்தூர்போல மீன் கடைகள் அடுத்தடுத்து நெருங்கியிருக்கும் ஓரிடத்தில், ஒரு மைக்ராஸ்கோப்பும் தண்ணீர் சோதிக்கும் சாதனங்களும் பயிற்சி பெற்ற ஒருவரும் கொண்ட சிறு பரிசோதனை அறையை, வியாபாரிகள் சங்கமாகக் கூடி அமைத்துக்கொள்வது அசாத்தியமான காரியமன்று. விற்ற மீன் பிழைத்திருந்தால் வாங்கியவர் மறுபடியும் வருவார். செத்துப்போனால் தொட்டியையே கவிழ்த்துவிடுவார் என்ற வியாபார ஞானம் ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

அது வரும்வரையில் பொறுப்பு வளர்ப்பவருடையது. நதியிலே இருந்திருந்தால் கெட்ட தண்ணீரைவிட்டு நல்ல தண்ணீருக்கு நீந்திப் போயிருக்கக்கூடிய பிராணியை நான்கு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தவர், தப்பிச்செல்லும் அந்த ஒரே உபாயத்தை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவராகிறார். ஆகையால் கெளுத்தி வாங்கப் போகிற அன்றே, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பி.எச்.சும் காட்டும் டெஸ்ட் கிட் ஒன்றையும் ஒரு தெர்மாமீட்டரையும் சேர்த்து வாங்கவேண்டும். அவற்றுக்குப் பணம் போதாவிட்டால், மீனை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.